வேண்டாம் வெர்னாவின் மூன்று நிமிடம்

வெர்னா பெர்டோலி எதிர்த்துப் பேசாத திட்டம் ஒன்றை எங்கள் டோலன்வில்லில் யாராவது காட்டினால் நான் மொட்டை போட்டுக்கொள்கிறேன். நாற்சந்தியில் சிக்னல் விளக்கு வைக்கலாம் என்றார்கள். வேண்டாம் என்றாள். சரி, விளக்கு வேண்டாம், நடுவில் வட்டத் திடல் கட்டி வண்டிகளைச் சுற்றிப் போக விடலாம் என்றார்கள். அதுவும் வேண்டாம் என்றாள். திடல் வந்துவிட்டது. இப்போது வெளியூர்க்காரர் யாராவது அவள் வண்டியில் ஏறினால், ஒரு சுற்றுக்கு இரண்டு சுற்றாகச் சுற்றிக் காட்டுகிறாள். நாய்களைக் குளிப்பாட்டி முடிவெட்டும் நிலையம் ஒன்று வருவதாக இருந்தபோது திட்டக்குழுவின் முன்னால் போய் நின்று, "என் புருஷனுக்கே காலம் பூரா சமையல்கட்டுல உக்காரவச்சு நான்தான் முடி வெட்டிவிட்டேன். நாய்க்கு என்ன கேடு?" என்று கேட்டாள். அந்த நிலையமும் வந்தது. கூட்டம்தான் அவளால் களைகட்டியது.

அதனால் ஊரில் அவளுக்கு வேண்டாம் வெர்னா என்று பெயர். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள்.

அவள் பிறந்தபோது இந்தப் பள்ளத்தாக்கில் ஒயின் என்று வாய் திறப்பவர்கள் குறைவு. எங்கு பார்த்தாலும் ப்ரூன் என்கிற உலர்பிளம் மரங்கள்தான். பழத்தைப் பறித்து, காயவைத்து, மூட்டை கட்டி ரயிலேற்றுவார்கள். ப்ரூனுக்கு மவுசு போனதும் அவள் அப்பா மரங்களைப் பிடுங்கிவிட்டுத் திராட்சை வைத்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்து வேர் பொறுக்கிய கை அவளுடையது. பெரியவளானதும் பள்ளிக்கூட பஸ் ஓட்டப் போனாள். ஐம்பது வயதுக்குக் கீழே உள்ள எந்த டோலன்வில்காரரை வேண்டுமானாலும் கேளுங்கள், பஸ்ஸின் கண்ணாடி வழியாக வெர்னாவிடம் திட்டு வாங்கியிருப்பார். திட்டக்குழுவில் உள்ள ஐந்து பேரில் மூன்று பேர் அப்படித்தான். அவள் மைக்கைப் பிடித்தால் அவர்கள் இன்றைக்கும் முதுகை நிமிர்த்தி உட்கார்கிறார்கள்.

கணவர் கஸ் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. பிள்ளை இல்லை. ஊரின் வடக்குக் கோடியில் ஒரு பழைய வீடு, அதைச் சுற்றிக் கொஞ்சம் கிழட்டுத் திராட்சைக் கொடிகள், சமையலறை ஜன்னலில் கரடிமலை. வேலிக்கு அப்பால் முன்காலத்து ப்ரூன் உலர்களம் புல் முளைத்துக் கிடந்தது. அதற்கும் அப்பால் மலை. காலையில் எழுந்ததும் காபிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு மலையைப் பார்த்து, "என்ன, இருக்கியா?" என்று கேட்பாள். கஸ் போன பிறகு வந்த பழக்கம் அது.

மலையிடம் பேசி முடித்ததும் எல்விராவிடம் பேசப் போவாள். எல்விரா பர்ராகன் பள்ளிக்கூடச் சமையல்காரி. மெக்சிகோவிலிருந்து புதுப்பெண்ணாகத் திராட்சை பறிக்க வந்தவள். பிறகு புருஷன் ஊருக்குப் போய்விட்டு வருகிறேன் என்று போனான், போனவன் போனவன்தான். அவள் பள்ளிக்கூட அடுப்படிக்கு வந்துவிட்டாள். அவள் மகன் பேட்டோவுக்கு வெர்னாதான் ஞானத்தாய். அந்த உறவில் எல்விரா இவளைக் கொமாத்ரே என்று கூப்பிடுவாள். வெர்னா பஸ்ஸை விட்டு ஓய்வு பெற்ற பிறகும் காலைச் சாப்பாட்டு மணி அடித்து ஓய்ந்ததும் இருவரும் சமையற்கூடத்துப் பின்வாசலில் பால் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து காபி குடிப்பார்கள். பேசுவது முக்கால்வாசி வெர்னா. கேட்பது எல்விரா. இடையிடையே, "உனக்கு வாய் வலிக்கவே வலிக்காதா?" என்று கேட்பாள்.

அந்த வருடம் குளிர் முடியும் சமயத்தில் உலர்களத்தில் கம்பங்கள் முளைத்தன.

அங்கே நாற்பது வீடுகள் கட்ட ஒரு நிறுவனம் விண்ணப்பித்திருந்தது. எங்கள் ஊர் விதிப்படி, கட்டப்போகிறவன் முதலில் கூரை உயரத்துக்குக் கம்பம் நட்டு, உச்சியில் ஆரஞ்சு நாடா கட்டி, சுவர் வரும் இடத்தில் தரையில் வெள்ளைக்கோடு போட்டுக் காட்ட வேண்டும். ஊரார் பார்த்துவிட்டுக் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் போய்ச் சண்டை போடலாம். வெர்னா காலையில் எழுந்து மலையைத் தேடினால், குறுக்கே ஆரஞ்சு நாடா படபடக்கிறது. மலையின் நெற்றி மட்டும்தான் மிச்சம். அவள் வயிறு எரிந்தது. உண்மையாகவே எரிந்தது, வீம்புக்கு எதிர்ப்பவள் என்று சொல்கிறவர்கள் அந்தக் காலையில் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

கூட்டு சேர ஆள் தானாக வந்தது. ஹார்லன் விட்காம்ப் சான் பிரான்சிஸ்கோவில் பல் வைத்தியராக இருந்து, ஓய்வு பெற்று, மலையைப் பார்த்து ஒரு மாடி வைத்த வீடு வாங்கிக்கொண்டு வந்தவர். அவர் மாடியையும் நாடா மறைத்தது. எதிர்ப்பு வாசகம் போட்டுச் சிவப்புச் சட்டை அடித்தார், அட்டை எழுதினார், ஆள் சேர்த்தார். பேசுவதற்கு வெர்னாவைப் பிடித்தார்.

"நீங்க இந்த மண்ணுல பொறந்தவங்க. நான் பேசினா நேத்து வந்தவன்னு சொல்லிடுவாங்க" என்றார்.

"நேத்து வந்தவர்தானே நீங்க" என்றாள் வெர்னா.

"அதான் சொல்றேன், நீங்க பேசுங்க. ஆளுக்கு மூணு நிமிஷம்தான். ஆனா ஒருத்தர் தன் மூணு நிமிஷத்தை இன்னொருத்தருக்கு விட்டுக்குடுக்கலாம்னு விதி இருக்கு. நாங்க ஒம்பது பேரும் உங்களுக்கு விட்டுக்குடுத்துடறோம். அரைமணி நேரம் உங்க கையில."

அரைமணி நேரம். ஆயுள் முழுக்க மூன்றாவது நிமிடத்தில் வாயை அடைக்கப்பட்டவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்? கரும்பு தின்னக் கூலியா என்பதுபோல் ஒப்புக்கொண்டாள். அன்று முதல் பால் பெட்டியில் உட்கார்ந்து எல்விராவிடம் ஒத்திகை பார்த்தாள். ப்ரூன் காலத்திலிருந்து தொடங்கி, தண்ணீர்ப் பஞ்சம், வண்டி நெரிசல் என்று வளர்த்து, "வந்தவன் போனவனுக்கெல்லாம் வீடு கட்டிக் குடுத்தா பள்ளத்தாக்கு என்னத்துக்கு ஆகும்" என்று முடிப்பாள். எல்விரா சோள மாவை இலையில் வைத்து மடித்துக்கொண்டே, "உம்" என்பாள்.

வெர்னாவிடம் ஒரு தொலைநோக்கி உண்டு. திராட்சை பழுக்கும்போது வந்து விழும் பறவைகளைப் பார்ப்பதற்கு வாங்கியது. இப்போது அது கம்பங்களைப் பார்த்தது. ஒரு சாயங்காலம் பார்த்தால், கம்பங்களுக்கு நடுவே யாரோ ஓர் ஆள் உட்கார்ந்திருந்தது. மறுநாளும் அதே இடம், அதே நேரம். கட்டுகிற கம்பெனிக்காரன்தான் திருட்டுத்தனமாக எதையோ அளக்கிறான் என்று அவள் முடிவு கட்டினாள். கையும் களவுமாகப் பிடித்துக் கூட்டத்தில் போட்டு உடைத்தால் அரைமணி நேரப் பேச்சுக்குக் கிரீடம் வைத்தது போலிருக்கும். ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு வேலியைத் தாண்டிப் போனாள்.

எல்விரா ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"சுவர் வழியா வர்றியே" என்றாள். "வாசல் அந்தப் பக்கம்."

வெர்னா கீழே பார்த்தாள். அவளுடைய ஒரு கால் வெள்ளைக்கோட்டுக்கு இந்தப் பக்கமும் இன்னொரு கால் அந்தப் பக்கமும் இருந்தது.

"இங்க என்னடி பண்றே?"

"என் சமையல்கட்டுல உக்காந்திருக்கேன்."

"உன் என்னது?"

"சமையல்கட்டு. அடுப்பு அந்த மூலையில. தண்ணித்தொட்டி இங்க. வரைபடத்துல பாத்துட்டுதான் வந்தேன். கீழ்வீடு, படி கிடையாது, என் முட்டிக்கு நல்லது. ஊருல வேலை பாக்கறவங்களுக்குன்னு பன்னெண்டு வீடு ஒதுக்கியிருக்காங்க, இது அதுல ஒண்ணு. குழு சரின்னு சொன்னா குலுக்கல்ல பேரு குடுக்கலாம்னு இருக்கேன்."

"உனக்குத்தான் வீடு இருக்கே."

"ஜூன் கடைசி வரைக்கும் இருக்கு. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிட்டார். சனி ஞாயிறு ஒயின் குடிக்க வர்றவங்களுக்கு வாடகைக்கு விடப்போறாராம்."

"எப்பச் சொன்னார்?"

"கிறிஸ்துமஸ் முடிஞ்ச கையோட."

"அப்பலேருந்து தினம் உன் எதிர்லதானே உக்காந்து காபி குடிக்கறேன். ஒரு வார்த்தை சொல்லலியே நீ."

"எங்க என்னைப் பேச விட்டே?" என்றாள் எல்விரா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "வந்தவன் போனவனுக்கெல்லாம் வீடான்னு நீ கேட்டுக்கிட்டிருந்தே. நான் மாவு மடிச்சுக்கிட்டு கேட்டுக்கிட்டிருந்தேன்."

"உன்னையா சொன்னேன்?"

"இல்ல. ஆனா வேற யாரு வருவான்னு நெனச்சே?"

வரப்போகிறவர்கள் என்று வெர்னா யாரையோ மனதில் வைத்திருந்தாள். பளபளப்பான வண்டி, வெள்ளை நாய் என்று. முழங்காலில் தைலம் தடவிக்கொள்கிற ஒருத்தி அந்தப் படத்தில் இல்லை.

"இங்க வீடு கெடைக்கலன்னா?"

"மலைக்கு அந்தப் பக்கம் அக்கா பொண்ணு இருக்கா. அங்க ஒரு ஆஸ்பத்திரிச் சமையல்ல ஆள் கேக்கறாங்களாம்."

"அது ஒண்ணரை மணி நேரம் வளைஞ்சு வளைஞ்சு போற ரோடாச்சே."

"அதனாலதான் திரும்பி வர முடியாது."

வெர்னா வெள்ளைக்கோட்டுக்குள் மற்றக் காலையும் எடுத்துவைத்தாள். "எங்கூட வந்து இருந்துடு. மூணு ரூம் சும்மா கெடக்கு."

"கொஞ்ச நாளைக்குன்னா இருப்பேன். காலத்துக்கும் மாட்டேன்."

"ஏன், எனக்கென்ன கொம்பா மொளைச்சிருக்கு?"

"நமக்கு இத்தனை வருஷம் ஒத்துப்போனதே, சண்டை வந்தா எந்திரிச்சு என் வீட்டுக்குப் போயிடலாங்கறதாலதான். ஐம்பத்தேழு வயசாச்சு. கோவம் வந்தா உன் மூஞ்சியிலயே சாத்த எனக்குன்னு ஒரு கதவு வேணும் கொமாத்ரே."

"அப்ப கூட்டத்துல வந்து இதைச் சொல்லு."

"வீடில்லன்னு மைக்ல அழறதா? அங்க உக்காந்திருக்கிற பாதிப்பேர் நான் போட்ட சோத்தைத் தின்னு வளந்தவங்க. அவங்ககிட்ட கையேந்த மாட்டேன். நீ உன் பேச்சைப் பேசு. உனக்கு மலை வேணும், எனக்குத் தெரியாதா? நான் கோச்சுக்க மாட்டேன்."

கோபித்துக்கொள்வேன் என்று சொல்லியிருந்தால் வெர்னா பாட்டுக்குச் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பாள். கோபித்துக்கொள்ள மாட்டேன் என்றதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நாற்காலி ஒன்றுதான் இருந்தது. தரையில், அடுப்பு வரப்போகிற இடத்தில் உட்கார்ந்து, பிளாஸ்க் மூடியில் மிச்சக் காபியைக் குடித்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள். போகும்போது வாசல் வழியாகத்தான் போனாள்.

அதன் பிறகு கூட்டம் வரும்வரை அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. காலையில் ஜன்னலில் நின்று மலையைப் பார்ப்பாள், கண் கலங்கும். பின்வாசலில் போய் எல்விராவைப் பார்ப்பாள், அதற்கும் கலங்கும். இரண்டில் ஒன்று போகப்போகிறது, எது போவது என்பதில் தன் வாய்க்கும் ஒரு பங்கு இருக்கிறது. இத்தனை காலம் என்ன பேசினாலும் வருவது வந்துகொண்டுதான் இருந்தது. இந்தத் தடவை அப்படியில்லை, குழுவில் இரண்டு பேர் இந்தப் பக்கம், இரண்டு பேர் அந்தப் பக்கம், ஒருவர் மதில்மேல் பூனை என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது.

ஹார்லனிடம் சொல்லிவிடலாம் என்று போனாள்.

"ஹார்லன், அந்தப் பேச்சு விஷயமா எனக்கு ஒரு யோசனை."

"வேண்டாம், இப்ப சொல்லாதீங்க. எல்லாத்தையும் மேடையில கொட்டுங்க."

"அதுல்ல, நான் சொல்ல வந்தது என்னன்னா..."

"சொல்லிட்டா சூடு போயிடும் வெர்னா. உங்களை நான் நம்பறேன்" என்று அவள் கையில் ஒரு சிவப்புச் சட்டையைத் திணித்துவிட்டுப் போய்விட்டார். ஒருவர் பேச வாய் திறந்தால் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்கச் சொல்லும் தொழிலில் இருந்தவர், பழக்கம் விடுமா?

நகரமன்ற அறை போதாது என்று கூட்டத்தைப் பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் வைத்தார்கள். ஊரே வந்திருந்தது. பிள்ளைகள் உட்காரும் குட்டை பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பரிமாறும் ஜன்னலுக்குப் பின்னால் எல்விரா ஏப்ரனோடு நின்று, வந்தவர்களுக்கெல்லாம் காபி ஊற்றிக் கொடுத்தாள். பேச விரும்புகிறவர்கள் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும், அவள் கொடுக்கவில்லை.

திட்டக்குழுத் தலைவி டெனீஸ் ஒகமோட்டோ. செடி நாற்றுப்பண்ணை வைத்திருப்பவர். சின்ன வயதில் பஸ் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி வெர்னாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர். கம்பெனிக்காரர் படம் போட்டுக் காட்டினார். பொறியாளர் தண்ணீர்க் குழாய் பற்றிப் பேசினார். பின்வரிசையில் ஒருவர் குறட்டை விட்டார். பிறகு ஒகமோட்டோ, "இனி பேசறதுக்குச் சீட்டு வாங்கமாட்டோம். முதல்ல வெர்னா பெர்டோலி. இவங்களுக்கு ஒம்பது பேர் நேரம் விட்டுக்குடுத்திருக்காங்க" என்று சொல்லித் தண்ணீர் டம்ளரைப் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

வெர்னா எழுந்தாள். சிவப்புச் சட்டை போட்டிருக்கவில்லை. ஹார்லன் அதைக் கவனித்தார். குளிருக்கு மேலே ஏதோ போட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

"வெர்னா பெர்டோலி. டோலன்வில், வடக்குச் சாலை" என்றாள். "முதல்ல ஒரு காரியம். ஒம்பது பேர் எனக்கு நேரம் குடுத்தாங்க. அதை அவங்களுக்கே திருப்பிக் குடுத்துடறேன். அவங்க குடுத்தது நான் எதிர்த்துப் பேசுவேன்னு. நான் எதிர்க்கலை."

ஒகமோட்டோ கண்ணாடியைக் கழற்றினார். "எதை எதிர்க்கலை?"

"இந்தத் திட்டத்தை."

"வெர்னா, உங்களுக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு, டெனீஸ். மலை போகுதேன்னு மனசுதான் சரியில்ல. அது என் பாடு. என் மூணு நிமிஷம் மட்டும் என் கையில இருக்கு. அதை நான் எல்விரா பர்ராகனுக்கு விட்டுக்குடுக்கறேன். அவ பேசினாலும் சரி, பேசாம அங்கயே நின்னாலும் சரி. நேரம் அவளோடது."

ஹார்லன் துள்ளி எழுந்தார். "இது மோசடி. என் நிமிஷத்தை எனக்குக் குடுங்க."

"அதைத்தானே குடுத்தாங்க" என்றார் ஒகமோட்டோ. "உக்காருங்க, உங்க முறை வரும்."

எல்லாத் தலையும் பரிமாறும் ஜன்னல் பக்கம் திரும்பியது. எல்விரா வெர்னாவைப் பார்த்த பார்வையில் பால் திரிந்துபோயிருக்கும். காபிக் குடுவையைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்தாள். கதவைத் திறந்துகொண்டு வந்து மைக்கின் முன்னால் நின்றாள்.

"பேரு?" என்றார் ஒகமோட்டோ.

"எல்விரா பர்ராகன். உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். பதிவுக்காகக் கேக்கணும். முகவரி?"

"ஜூன் மாசம் வரைக்கும் வில்லோ தெரு, பின்வீடு" என்றாள் எல்விரா. "அதுக்கப்புறம் என் முகவரி என்னன்னு நீங்கதான் சொல்லணும். அதைத்தானே இன்னிக்கு முடிவு பண்றீங்க."

குறிப்பு எழுதிக்கொண்டிருந்தவர் எழுதுவதை நிறுத்தினார்.

"நான் கெஞ்ச வரல. காலையில இந்த அடுப்பைப் பத்தவைக்க நான் இங்க இருக்கணும். ரொம்பத் தூரத்துலேருந்து வந்து பத்தவைக்க முடியாது. நானும் ஊருன்னு நெனச்சுக்கிட்டு இருந்துட்டேன், அவ்வளவுதான். காபி ஆறுது, வேணுங்கறவங்க எடுத்துக்குங்க."

திரும்பிப் போய்க் குடுவையை எடுத்துக்கொண்டாள். எங்கள் கூட்டங்களில் கைதட்டக்கூடாது; பிடித்திருந்தால் இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொள்ளலாம். யாரும் ஆட்டவில்லை. பாதிப்பேர் தங்கள் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்துத்தான் வேடிக்கை. ஒன்பது பேருக்கும் நேரம் திரும்பி வந்துவிட்டது. ஒருவரும் பேசத் தயார் செய்துகொண்டு வரவில்லை. முதலில் வந்தவர் மைக்கைத் தட்டினார், தொண்டையைக் கனைத்தார், "வெர்னா சொன்னதை நான் வழிமொழியறேன்" என்றார்.

"எதை வழிமொழியறீங்க? அவங்க ஆதரிச்சுட்டாங்களே" என்றார் ஒகமோட்டோ.

"இன்னிக்குச் சொன்னதை இல்ல. சொல்ல இருந்ததை."

கூடம் குலுங்கியது. இரண்டாமவர் திருதிருவென்று விழித்துவிட்டு, வண்டி நிறுத்த இடமில்லை என்று மட்டும் சொல்லிப் போனார். மூன்றாவதாக வந்த அம்மாள் ஜன்னல் பக்கம் பார்த்து, "என் பொண்ணு சோறுன்னு ஒண்ணைத் திங்க ஆரம்பிச்சதே இவங்க பீன்ஸ் சோத்துலதான்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். அது எந்தக் கட்சி என்று குறிப்பெழுதுபவருக்கு விளங்கவில்லை. ஹார்லன் ஒருவர்தான் ஒழுங்காகப் பேசினார். மலையைப் பற்றிப் பேசினார். அவர் சொன்னதில் பொய் இல்லை. வெர்னா தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்.

மூன்றுக்கு இரண்டு என்று திட்டம் தேறியது. மூன்று மாடியை இரண்டாகக் குறைக்க வேண்டும், ஊரில் வேலை பார்ப்பவர்களுக்குப் பன்னிரண்டு வீடு போதாது, பதினெட்டு வேண்டும் என்று இரண்டு நிபந்தனை போட்டார்கள். ஹார்லன் வெர்னாவைக் கடந்து போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுகூடப் பரவாயில்லை. எல்விராவும் திருப்பிக்கொண்டாள்.

"ஊருக்கு நடுவுல என்னை இழுத்து விட்டுட்டியே" என்று வண்டியருகே நின்று சொன்னாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா நீ மாட்டேன்னு சொல்லியிருப்பே."

"ஆமா. அதுக்குத்தான் கேக்கணும்."

அது நியாயம்தான் என்று வெர்னாவுக்கும் பட்டது. கொஞ்ச நாள் பின்வாசலில் ஒரு பால் பெட்டிதான் கவிழ்ந்திருந்தது. பிறகு ஒரு காலை வெர்னா போனபோது இரண்டு கிடந்தன. யாரும் எதுவும் பேசவில்லை. அதாவது எல்விரா பேசவில்லை.

ஜூன் மாதம் எல்விரா மூட்டை முடிச்சோடு வெர்னாவின் பின்னறைக்கு வந்தாள். வீடு கட்டி முடிய இரண்டு அறுவடை ஆயிற்று. அந்த இரண்டு அறுவடைக்குள் அவர்கள் போட்ட சண்டையை எழுத இன்னொரு புத்தகம் வேண்டும். வெர்னா விடியுமுன் ரேடியோவை அலற விடுவாள். எல்விரா மிளகாய் வறுப்பாள். வெர்னா மூக்கைப் பிடித்துக்கொண்டு கொடிகளுக்கிடையே ஓடுவாள். குலுக்கலில் எல்விராவின் பெயர் விழவில்லை. காத்திருப்போர் வரிசையில் மூன்றாவதாக நின்றது. முன்னால் இருக்கும் இரண்டு குடும்பத்துக்கும் வெளியூரில் ராஜயோகமாக வேலை கிடைக்க வேண்டும் என்று இரண்டு பேரும் மாதா கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார்கள். ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது. இன்னொரு குடும்பம் மாமியாரோடு சமாதானமாகிப் போய்விட்டது. அதற்கும் தாங்கள் ஏற்றிய மெழுகுவர்த்திதான் காரணம் என்று வெர்னா சொல்லிக்கொள்கிறாள்.

இலையெல்லாம் சிவந்து உதிரும் பருவத்தில் எல்விரா குடி போனாள். அன்று நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த இடம் கிடைக்கவில்லை. இரண்டாவது வரிசையில் வேறு வீடு. வெர்னாவின் ஜன்னலில் இப்போது மலையின் தலை மட்டும் தெரிகிறது. அது அவளுக்கு இன்னும் வருத்தம்தான். வீட்டில் மிளகாய் நெடி போனது அதைவிட வருத்தம் என்று கண்டுபிடித்தாள். தனியாக உட்கார்ந்து காபி குடித்தபடி, எல்விரா நிஜமாகவே இங்கே இருப்பாளா, டெக்ஸாஸில் இருக்கும் மகன் பேட்டோ கூப்பிட்டால் போய்விடுவாளா என்று தவித்தாள். குடி போனவள் ஜன்னலுக்குத் திரைகூடப் போடவில்லை, பெட்டிகளைப் பிரிக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை எல்விரா மூச்சு வாங்க வந்து சமையலறை மேசையில் கையை ஊன்றினாள்.

"கேட்டியா அநியாயத்தை? எங்க தெருமுனையில ஒயின் ருசி பாக்கற கடையாம். வெளியில மேஜை போட்டு, பாட்டுக் கச்சேரி வச்சு, ராத்திரி வரைக்கும் கூத்தாம். அடுத்த மாசம் திட்டக்குழுவுக்கு வருதாம். இதை விடறதா?"

"விடலாமா, கூடாதா?" என்றாள் வெர்னா மெதுவாக.

"என்ன கேள்வி கேக்கறே? அந்தத் தெருவுல புள்ளைங்க இருக்கு. நான் விடியக்காலையில எந்திரிக்கிறவ. வண்டியெல்லாம் எங்க நிறுத்துவாங்க? நான் பேசப்போறேன். சீட்டு எப்பக் குடுக்கணும், யாருகிட்ட குடுக்கணும்? அக்கம்பக்கத்துல நாலு பேர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன், மூணு மூணு நிமிஷம் விட்டுக்குடுக்கறேன்னுட்டாங்க."

அந்தக் கடையைத் திறக்கப்போவது வெர்னாவின் திராட்சையை வருடா வருடம் வாங்கும் ஒயின்காரர்தான். அதை அவள் சொல்லவில்லை. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு ஏற்கெனவே கொதித்துவிட்ட தண்ணீரை மறுபடி கொதிக்க வைத்தாள். ஊரைவிட்டுப் போகிறவர்கள் யாரும் தெருமுனைக் கடைக்காகக் கூட்டத்துக்குப் போய்ச் சண்டை போடமாட்டார்கள். இருக்கப்போகிறவர்கள்தான் போடுவார்கள்.

"முன்வரிசையில உக்காரு" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி. "பின்னாடி உக்காந்தா மைக் பக்கம் நடந்து வர்றதுக்குள்ள பாதிக் கோவம் போயிடும்."